பழைய வெள்ளி ரூபாய்: அசல்தானா, என்ன பெறும்?

ராணித் தலை போட்ட பழைய வெள்ளி ரூபாய் ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் கேட்பது, "இது எவ்வளவுக்குப் போகும்?" என்பதைத்தான். அதற்குப் பதில் சொல்வதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கடந்தாக வேண்டும். இது எந்த நாணயம்? இது அசல்தானா? இந்த வரிசையை மாற்றிக்கொள்கிறவர்கள்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். பெரிய தொகை ஒன்றைக் காதில் வாங்கிவிட்டால், அப்புறம் நாணயத்தில் இருக்கும் குறை கண்ணில் படுவதில்லை.

பழைய நாணயங்களின் உலகம் பெரியது. இங்கே 1835 முதல் 1947 வரை பிரிட்டிஷ் இந்தியாவில் வெளியான ஒரு ரூபாய் நாணயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நம் வீடுகளில் பழைய காசு என்று ஏதாவது மிஞ்சியிருந்தால் பெரும்பாலும் இதுதான் இருக்கும். போலிகளும் இதில் ஏராளம். இதன் எடையும் உலோகமும் சட்டத்திலேயே எழுதிவைக்கப்பட்டவை என்பதால், புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கு இதைவிட வசதியான தொடக்கம் கிடையாது.

இது எந்த நாணயம்?

1835-க்கு முன்பு கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்குள்ளேயே ஒரே ரூபாய் ஓடவில்லை. வங்காளத்தில் முர்ஷிதாபாத் ரூபாய், மேற்கே சூரத் ரூபாய், தெற்கே ஆற்காடு ரூபாய் என்று பகுதிக்கொன்றாக இருந்தது. எடையும் மாற்றும் (அதாவது வெள்ளியின் தூய்மை) கொஞ்சம் கொஞ்சம் வேறுபட்டன. 1835-இல் வந்த சட்டம் இதற்கு முடிவு கட்டியது. ரூபாயின் எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம். பன்னிரண்டு பங்கில் பதினொரு பங்கு வெள்ளி. ஆயிரத்துக்கு 917 என்று இன்று சொல்வது இந்த மாற்றைத்தான். கம்பெனி ஆட்சி முடிந்து அரசியின் ஆட்சி வந்தது, அரசர்கள் வந்தார்கள், ஒரு உலகப் போர் நடந்து முடிந்தது. 1939 வரை ரூபாயின் எடையும் மாற்றும் அப்படியே இருந்தன. நூறு ஆண்டுக்கு மேல் மாறாத ஒரு அளவுகோல் நம் கையில் இருக்கிறது என்று பொருள்.

இனி தலைப் பக்கத்தைப் பாருங்கள். 1835 ரூபாயில் இருப்பவர் நான்காம் வில்லியம். அவர் பெயருக்குப் பின்னால் ரோமன் எண்ணில் நாலைக் குறிக்க நான்கு தனிக்கோடுகள் போட்டிருக்கும். ஐந்துக்கான எழுத்துக்கு முன் ஒரு கோடு போடுவதுதானே முறை, இது தப்பாயிற்றே என்று புதியவர்கள் அசல் நாணயத்தையே போலி என்று ஒதுக்கிவிடுவதுண்டு. அசலில் நான்கு கோடுகள்தான். கழுத்து வெட்டுப்பட்ட இடத்தில் 'எஃப்' அல்லது 'ஆர்.எஸ்.' என்ற நுண்ணிய எழுத்துகள் இருக்கலாம். முதலாவது கல்கத்தா நாணயச்சாலையின் ஃபோர்ப்ஸ், இரண்டாவது சாண்டர்ஸ்.

அடுத்தது 1840 என்று போட்ட விக்டோரியா ரூபாய். 1862-இல் கம்பெனியின் பெயர் போய் 'இந்தியா' வந்தது. 1877 முதல் 'குயின்' என்ற சொல் 'எம்ப்ரஸ்' ஆனது. 1903 முதல் 1910 வரை மகுடம் இல்லாத தலையோடு ஏழாம் எட்வர்ட். 1911 முதல் 1922 வரை மகுடமும் அங்கியும் அணிந்த ஐந்தாம் ஜார்ஜ். 1938 முதல் ஆறாம் ஜார்ஜ். 1940-இல் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள்: 50 சதவீதம் வெள்ளி, 40 சதவீதம் செம்பு, மீதி நிக்கலும் துத்தநாகமும் சமமாக. 1947-இல் வந்த ரூபாயில் வெள்ளியே கிடையாது. பூப் பக்கத்தில் புலி நடந்துவரும் அந்த நாணயம் முழுக்க நிக்கல்.

இந்த வரிசை மனதில் இருந்தால், பொருந்தாத சேர்க்கைகள் உடனே உறுத்தும். 'எம்ப்ரஸ்' என்று எழுதி 1862 என்று ஆண்டு போட்ட ரூபாய் இருக்க முடியாது. 1835 என்ற ஆண்டோடு விக்டோரியா தலை இருக்க முடியாது. அந்தக் காலத்தில் வழக்கம் வேறாக இருந்தது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்: ஒவ்வொரு ஆண்டும் அச்சில் ஆண்டை மாற்றவில்லை. 1840 என்று போட்ட ரூபாயை அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் அதே தேதியோடு அடித்தார்கள். 1862 ரூபாயும் அப்படித்தான். 1870-களின் முற்பகுதி வரை அதே ஆண்டுதான் போட்டார்கள், உண்மையான ஆண்டைக் குறிக்கச் சிறு புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டார்கள். எனவே புழக்கத்துக்கு வந்த கம்பெனி ரூபாயில் 1835, 1840 என்ற இரண்டு ஆண்டுகள்தான் உண்டு. 1850 என்று போட்ட கம்பெனி ரூபாயை யாராவது நீட்டினால் பேரம் பேசவே வேண்டியதில்லை.

பூப் பக்கத்தில் எழுத்தையும் கவனியுங்கள். கம்பெனி ரூபாயில் 'யக் ருப்பியா' (ஒரு ரூபாய்) என்று பாரசீக எழுத்தில் இருக்கும். 1862 முதல் விக்டோரியா ரூபாயில் அது இல்லை. 1903-இல் எட்வர்ட் ரூபாயோடு திரும்பி வந்தது. போலி அச்சு வெட்டுகிறவர்களுக்கு இந்த எழுத்து தெரியாது என்பதால், அவர்கள் கை தடுமாறும் இடம் பெரும்பாலும் இதுதான். புள்ளிகள் இடம் மாறும், வளைவுகள் உடையும். பாரசீகம் படிக்கத் தெரிய வேண்டாம். அருங்காட்சியகம் ஒன்றின் இணையப் படத்தோடு வைத்துக் கோட்டுக்குக் கோடு ஒப்பிட்டால் போதும்.

எந்த நாணயச்சாலையில் அடித்தது என்பதும் விலையைப் பாதிக்கும். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் பூப் பக்கத்தின் அடியில் உள்ள தாமரையின் அருகே பொடிப் புள்ளி இருந்தால் பம்பாய், இல்லையென்றால் கல்கத்தா. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் லாகூரிலும் அடித்தார்கள். அதற்கு 'எல்' எழுத்து. ஒரே ஆண்டு, ஒரே மன்னர், புள்ளி உண்டா இல்லையா என்பதை வைத்து மட்டும் ஒன்று சாதாரணமாகவும் மற்றது தேடப்படுவதாகவும் ஆகிவிடும்.

தராசில் வைத்துப் பாருங்கள்

நூறில் ஒரு பங்கு கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இந்தப் பொழுதுபோக்கில் செலவழிக்கும் பணத்தில் முதல் பணம் அதற்குத்தான் போக வேண்டும் என்பது என் கருத்து. பட்டியல் நூல்கள்கூட அதற்கப்புறம்தான்.

1939 வரையான ரூபாய் புதிதாக இருந்தபோது 11.66 கிராம். கைமாறிக் கைமாறித் தேய்ந்ததில் கொஞ்சம் குறைந்திருக்கும், 11.5, 11.4 என்று காட்டினால் பதறத் தேவையில்லை. எடையும் தேய்மானமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ராணியின் முடி இழை இழையாகத் தெரிகிறது, விளிம்பு கூர்மையாக இருக்கிறது, ஆனால் எடை 11.1 என்றால் அந்த நாணயம் பொய் சொல்கிறது. எடை 11.9 என்று கூடுதலாகக் காட்டினாலும் அப்படித்தான். அரசு நாணயச்சாலை வெள்ளியைத் தாராளமாக அள்ளிப் போடாது. குறுக்களவு சுமார் 30.5 மில்லிமீட்டர், அதையும் அளந்துவிடுங்கள்.

எடை சரி, அளவும் சரி. உலோகம் வெள்ளிதானா? இதற்கு ஆர்க்கிமிடீஸ் காலத்து வழி இன்றும் போதும். ஒரு சிறிய கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, தராசைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவாருங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் தண்ணீருக்குள் முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். நூல் உங்கள் கையில்தான் இருக்க வேண்டும். இப்போது தராசு காட்டும் எண்தான் நாணயம் ஒதுக்கிய தண்ணீரின் எடை. நாணயத்தின் எடையை இந்த எண்ணால் வகுங்கள். 11.6 கிராம் ரூபாய் ஒன்று 1.12 காட்டினால், விடை சுமார் 10.36. 917 மாற்று வெள்ளிக்கு வர வேண்டியது ஏறக்குறைய 10.3. ஜெர்மன் சில்வர் என்று சொல்லும், வெள்ளியே இல்லாத செம்பு நிக்கல் துத்தநாகக் கலவையாக இருந்தால் 8.7 அளவில்தான் வரும். 1940-க்குப் பிந்தைய பாதி வெள்ளி ரூபாய்க்கு 9.5 அளவில் வர வேண்டும். நாணயத்தில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு கெட்டுவிடும். மெதுவாக ஆட்டி விடுங்கள்.

இந்தச் சோதனையில் தோற்றால் போலி என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். தேறிவிட்டால் மட்டும் அசல் ஆகிவிடாது. ஈயமும் வெள்ளீயமும் சரியான அளவில் கலந்தால் இதே எண்ணைக் கொண்டுவர முடியும். அதைக் காட்டிக்கொடுப்பது ஓசை. நாணயத்தை விரல் நுனியில் சமநிலையில் நிறுத்தி, இன்னொரு காசின் விளிம்பால் மெல்லத் தட்டுங்கள். நல்ல வெள்ளி நீளமாக ரீங்கரிக்கும். ஈயக் கலவை 'டொக்' என்று அடங்கிவிடும். அந்தக் காலத்தில் காசு மாற்றித் தந்த சராபுக் கடைக்காரர்கள் கல்லில் சுண்டிப் போட்டு ஓசை கேட்டே ஒதுக்கினார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள், விளிம்பு நசுங்கும். அச்சின்போதே உள்ளே விரிசல் விழுந்த அசல் நாணயமும் சில சமயம் மந்தமாக ஒலிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

காந்தம் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது: காந்தத்தில் ஒட்டினால் போலி, ஒட்டாவிட்டால் அசல் என்று. வெள்ளி ஒட்டாது, உண்மை. ஆனால் செம்பும் ஈயமும் பித்தளையும்கூட ஒட்டாது. மறுபக்கம், 1947-ஆம் ஆண்டு அசல் ரூபாய் நிக்கல் என்பதால் காந்தத்தில் நன்றாகவே ஒட்டும். காந்தத்தை வைத்து இரும்புக் கலப்பைக் கண்டுபிடிக்கலாம், அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

நகைக்கடையில் உரைகல்லில் தேய்த்தோ அமிலச் சொட்டு விட்டோ பார்க்க ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். வெள்ளிதான் என்று தெரியவரும், ஆனால் நாணயத்தில் ஆறாத வடு விழுந்துவிடும். எக்ஸ்-கதிர் கருவியில் வைத்து மாற்றுப் பார்க்கும் வசதி இருந்தால் அது நாணயத்தைத் தொடாது. மேற்பரப்பை மட்டுமே அது படிக்கும் என்பதால், வெள்ளி முலாம் தடித்துப் பூசிய போலி அதை ஏமாற்றலாம். தண்ணீர்ச் சோதனையும் கூடவே இருந்தால் அந்த ஓட்டை அடைபடும்.

கண்ணுக்குத் தெரிவது

பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் ஒரு லென்ஸ் அடுத்த கருவி. அசல் ரூபாய் அடிக்கப்பட்டது: எஃகு அச்சு இரண்டுக்கும் நடுவில் வெள்ளி வில்லையை வைத்துப் பெரும் அழுத்தத்தில் ஒரே அடி. எழுத்துகளின் ஓரம் தரையிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்கும். எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையிலான வெற்றுத்தளம் வழுவழுப்பாக இருக்கும். மலிவான போலி வார்க்கப்பட்டது: அசலை மண்ணிலோ மெழுகிலோ பதித்து, அந்த அச்சில் உருக்கி ஊற்றியது. அதில் வெற்றுத்தளம் பொடிப்பொடியாகக் குழி விழுந்திருக்கும். எழுத்துகளின் அடிப்பகுதி உருகி ஓடியதுபோல் மழுங்கியிருக்கும். விளிம்பைச் சுற்றிப் பாருங்கள்; இரண்டு பாதிகளைச் சேர்த்த தடம், அல்லது அதை அரம் போட்டு மறைத்த தடம் தெரியும்.

விளிம்பைப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. அந்த அலட்சியத்தை நம்பித்தான் போலி செய்கிறவர்களின் பிழைப்பே நடக்கிறது. அசலில் விளிம்புக் கோடுகள் ஒரே அகலத்தில், ஒரே ஆழத்தில், நேராக இருக்கும். 1940-இல் வெள்ளியைக் குறைத்தபோது, கள்ள நாணயத்தைத் தடுக்க விளிம்பின் நடுவே பள்ளமான ஒரு வடிவ வரியையும் சேர்த்தார்கள்.

அச்சில் அடித்த போலிகளும் உண்டு, அவைதான் ஆபத்தானவை. நல்ல வெள்ளியிலேயே செய்திருப்பார்கள். எடை, தண்ணீர், ஓசை எல்லாவற்றிலும் தேறிவிடும். சாதாரண ஆண்டு ரூபாயை விலை உயர்ந்த ஆண்டாக அடித்து விற்றால் லாபம் வெள்ளியின் விலையைப்போல் பல மடங்கு ஆயிற்றே. அசல் நாணயம் ஒன்றையே மாதிரியாக வைத்து அச்சு எடுத்திருந்தால், அந்த மாதிரியில் இருந்த கீறலும் நசுங்கலும் அச்சிலும் இறங்கியிருக்கும். அதிலிருந்து வரும் அத்தனை நாணயங்களிலும் ஒரே இடத்தில் ஒரே கீறல். எனவே ஒரே விற்பனையாளரிடம் ஒரே ஆண்டின் இரண்டு மூன்று அரிய ரூபாய்கள் இருந்தால் அவற்றை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். தேய்மானத்தால் வந்த தழும்பு இரண்டு நாணயங்களில் ஒரே மாதிரி அமையாது.

இந்த முறைகள் எல்லாம் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன என்பதற்கு 1939 ரூபாயைவிட நல்ல உதாரணம் இல்லை. பிரிட்டிஷ் இந்திய ரூபாய்களில் சேகரிப்பாளர்கள் மிக அதிகம் தேடும் ஆண்டுகளில் அது ஒன்று. போர் தொடங்கியதும் மக்கள் வெள்ளியைப் பதுக்க ஆரம்பித்தார்கள். அடுத்த ஆண்டே மாற்றைக் குறைத்துவிட்டதால், முழு மாற்று வெள்ளியில் அடித்த கடைசி ரூபாயாக அது நின்றுபோனது. கைக்குக் கிடைப்பது மிகக் குறைவு. எனவே மற்ற ஆண்டுகளை 1939 ஆக்கும் வேலை நடக்கிறது. 1940-களின் ரூபாயில் எண்களைத் திருத்தியிருந்தால் உடனே மாட்டிக்கொள்ளும்: விளிம்பில் பாதுகாப்பு வரி இருக்கும், தண்ணீர்ச் சோதனையில் 9.5 வரும். அசல் 1939-க்கு விளிம்பில் வெறும் கோடுகள்தான், எண் 10.3. 1938 ரூபாயின் எட்டை ஒன்பதாக்கியிருந்தால் இந்த இரண்டும் உதவாது, ஏனென்றால் அதன் உலோகமும் விளிம்பும் 1939-ஐப் போலவேதான். அங்கே லென்ஸ் வேண்டும். கடைசி எண்ணைச் சுற்றியுள்ள தரையைப் பாருங்கள். செதுக்கி எடுத்த இடம் சற்றே தாழ்ந்தோ கீறல்களோடோ இருக்கும், அதன் நிறம் பக்கத்துத் தரையோடு சேராது. ஒன்பதின் வால் மற்ற எண்களின் தடிமனோடு ஒப்பிட்டால் மெலிந்து தெரியும். 1939 என்று சொல்லி வரும் ரூபாயை வல்லுநர் கண் படாமல் வாங்கவே கூடாது என்பேன்.

இன்னொரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். பம்பாய், கல்கத்தா நாணயச்சாலைகளே பழைய அச்சுகளைக் கொண்டு, சேகரிப்பாளர்களுக்காகப் பிற்காலத்தில் மறுபடி அடித்துக் கொடுத்திருக்கின்றன. கண்ணாடிபோல் பளபளக்கும் இவை போலி அல்ல, அந்தக் காலத்து நாணயமும் அல்ல. மறுஅடிப்பு என்று சொல்லியே விற்க வேண்டும். விலையும் தனிக் கணக்கு.

எக்காலத்திலும் இல்லாத நாணயங்கள்

சில காசுகளுக்கு அசல் என்பதே கிடையாது. ஒரு பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயர், மறுபக்கம் ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ, ஆண்டு 1818, கூடவே 'யு.கே.எல்.' என்ற எழுத்துகள். இவை ஊர் ஊராகச் சுற்றுகின்றன. கம்பெனி இப்படி ஒரு நாணயத்தை அடித்ததே இல்லை. சாமி உருவம் இருப்பதாலேயே பொய் என்று முடிவு கட்டவும் கூடாது: சென்னையில் கம்பெனி அடித்த வராகன் என்ற பொற்காசில் திருமால் உண்டு, 1807-ஐ ஒட்டி வந்த வெள்ளி அரை வராகனில் கோயில் கோபுரமும் உண்டு. அவை பட்டியல்களில் பதிவானவை, நாணயச்சாலை ஆவணங்களில் இடம்பெற்றவை. ராமர் காசுக்கு அப்படி எந்தப் பதிவும் இல்லை.

இந்தக் காசுகளைச் சுற்றித்தான் 'ரைஸ் புல்லிங்' மோசடி வளர்ந்தது. அரிசியைத் தன் பக்கம் இழுக்கும், இடி விழுந்த செம்பு, இரிடியம் கலந்தது, வெளிநாட்டு விஞ்ஞானிகள் கோடிக்கணக்கில் கொடுப்பார்கள் என்றெல்லாம் சொல்லி, சோதனைக் கட்டணம் என்று பணம் பறிப்பார்கள். எந்த நாணயமும் அரிசியை இழுக்காது. இழுப்பதுபோல் காட்டுகிறார்கள் என்றால் அரிசியில் இரும்புத் துகளை ஏற்றியிருக்கிறார்கள். இதில் சேமிப்பை இழந்த குடும்பங்கள் பல. உங்கள் வட்டத்தில் யாராவது இந்தப் பேச்சை எடுத்தால் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள்.

விலை எப்படி அமைகிறது

அசல் என்று மனம் ஒப்பிய பிறகுதான் விலை. இதில் முதலில் கழற்றி எறிய வேண்டிய எண்ணம், பழையது என்றால் விலை அதிகம் என்பது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய வெள்ளி முத்திரைக் காசுகள் பெரும் புதையல்களாகக் கிடைத்திருப்பதால், அவற்றின் சாதாரண வகைகளைத் தொடக்கநிலைச் சேகரிப்பாளர்களே வாங்க முடிகிறது. ராஜராஜ சோழன் பெயர் பொறித்த செப்புக்காசும் அப்படித்தான். 1840 ரூபாய் 1939 ரூபாயைவிடத் தொண்ணூற்றொன்பது ஆண்டு மூத்தது. பல ஆண்டுகள் அடித்துத் தள்ளியதால் இன்றும் எளிதாகக் கிடைக்கிறது, விலையில் 1939-க்குப் பக்கத்தில்கூட வராது.

ஒவ்வொரு வெள்ளி ரூபாய்க்கும் ஒரு அடித்தட்டு விலை உண்டு: அதிலுள்ள வெள்ளியின் விலை. 917 மாற்று ரூபாயில் சுமார் 10.7 கிராம் சுத்த வெள்ளி, 1940-க்குப் பிந்தையதில் சுமார் 5.8 கிராம். அன்றைய வெள்ளி விலையால் பெருக்கிப் பாருங்கள். இதற்குக் கீழே யாராவது கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. மிகச் சாதாரணமான, தேய்ந்த ரூபாய்கள் இந்தத் தட்டுக்குச் சற்று மேலேயே நின்றுவிடும். நம் வீட்டில் கிடைக்கும் பெரும்பாலானவை இந்த வகைதான் என்பதை முன்கூட்டியே மனதில் ஏற்றிக்கொள்வது நல்லது.

அந்தத் தட்டுக்கு மேலே விலையை ஏற்றுவது எத்தனை மிஞ்சியிருக்கின்றன, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்ற இரண்டும் சேர்ந்துதான். அடித்த எண்ணிக்கையை மட்டும் வைத்துக் கணக்குப் போட முடியாது, உருக்கப்பட்டவை எத்தனையோ. 1911 ரூபாயின் கதை இதற்குப் பொருத்தமானது. ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் தொங்கும் பதக்க மாலையில் ஒரு யானை உண்டு. அந்த ஆண்டு அச்சில் அதன் துதிக்கை குட்டையாகிப்போய், பார்க்கப் பன்றிபோல் இருக்கிறது என்று எதிர்ப்பு கிளம்பியது. வெளியிடுவதை நிறுத்தினார்கள், கையிருப்பில் இருந்த பெரும்பகுதியை உருக்கினார்கள், 1912 முதல் யானையைத் திருத்தினார்கள். முன்பே மக்கள் கைக்குப் போனவை மட்டும் தப்பின. கதை பிரபலமானதால் தேடுகிறவர்களும் அதிகம், விலையும் மற்ற ஜார்ஜ் ரூபாய்களைவிட அதிகம். இதைவிடக் குறைவாகக் கிடைக்கும் ஏதோ ஒரு சிற்றரசின் காசு, கேட்பாரில்லாததால் இதைவிட மலிவாகப் போகலாம்.

அப்புறம் நிலை. அனுபவம் கூடக் கூட இதுதான் எல்லாவற்றையும்விடக் கனமானது என்று புரியும். ஒரே ஆண்டு, ஒரே நாணயச்சாலை ரூபாய்கள் இரண்டில், தேய்ந்தது வெள்ளி விலைக்கும் தேயாதது அதைப்போல் பல மடங்குக்கும் போவது சாதாரணம். நாணயத்தில் மிக உயர்ந்து நிற்கும் இடங்கள்தான் முதலில் தேயும்: விக்டோரியாவுக்குக் காதுக்கு மேலுள்ள முடி, ஜார்ஜுக்கு மகுடத்தின் முத்துகளும் அங்கியின் யானையும். புழக்கத்துக்கே போகாத நாணயத்தை விளக்கின் கீழ் சாய்த்துத் திருப்பினால், வண்டிச்சக்கரத்தின் ஆரங்கள் போல ஒளிக்கற்றைகள் அதன் மேல் சுழலும். தேய்ந்ததிலும் மெருகேற்றியதிலும் அந்தச் சுழற்சி வராது.

நிலைக்கு எண் கொடுக்கும் முறை அமெரிக்காவிலிருந்து வந்தது. வில்லியம் ஷெல்டன் என்பவர் அந்நாட்டுப் பழைய பெரிய செப்பு செண்டுகளுக்காக 1949-இல் 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். 70 பெறும் நாணயம் 1 பெறுவதைப்போல் எழுபது மடங்கு விலை பெறும் என்பது அவர் எண்ணம். விலைக்கணக்கு சீக்கிரமே பொய்த்துவிட்டது, எண்கள் மட்டும் உலகம் முழுக்க நிலைத்துவிட்டன. 1980-களில் பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. ஆகிய நிறுவனங்கள் நாணயத்தை ஆராய்ந்து, எண் போட்டு, திறக்க முடியாத பிளாஸ்டிக் பேழையில் அடைத்துத் தரும் வழக்கத்தைத் தொடங்கின. விலை உயர்ந்த நாணயத்துக்கு அந்தச் செலவு நியாயம். சாதாரண ரூபாய்க்குக் கட்டணமே நாணயத்தின் விலையைத் தாண்டிவிடும். பேழையில் அடைத்து வந்துவிட்டதே என்று நம்பிவிடவும் வேண்டாம். பேழையையே போலி செய்கிறார்கள். அதன் எண்ணை அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டு, படம் இருந்தால் கீறலுக்குக் கீறல் ஒப்பிட்டுப் பாருங்கள்.

நிலையைக் கெடுப்பதில் நம் கைதான் முதல் எதிரி. கறுத்திருக்கிறதே என்று விபூதியும் புளியும் பற்பசையும் போட்டுத் தேய்க்கிறோம். வெள்ளிப் பாத்திரத்துக்குச் சரி, நாணயத்துக்கு அது அழிவு. லென்ஸில் பார்த்தால் ஆயிரம் மயிரிழைக் கீறல்கள் தெரியும், சேகரிப்பாளர் உடனே பாதி விலைக்கும் கீழே இறக்கிவிடுவார். அந்தக் கறுப்பு, காற்றிலுள்ள கந்தகத்தோடு வெள்ளி சேர்ந்து பல பத்தாண்டுகளில் படிந்த படலம். நீலமும் ஊதாவும் பொன்னிறமுமாகச் சீராகப் படிந்திருந்தால் அதற்கென்றே கூடுதல் விலை கொடுப்பவர்கள் உண்டு. மண் ஒட்டியிருந்தால் வெறும் தண்ணீரில் ஊறவைத்து, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள், அதோடு விட்டுவிடுங்கள். ஆபரணமாகக் கோப்பதற்குக் காது பற்றவைத்திருந்தாலோ துளை போட்டிருந்தாலோ, சேகரிப்பாளர் தரும் விலையை மறந்துவிட வேண்டியதுதான். அந்தத் தடத்தை நிரப்பி மறைத்து விற்பவர்களும் இருப்பதால், விளிம்பின் உச்சிப்பகுதியை எப்போதும் லென்ஸில் பாருங்கள்.

விலையை எங்கே தேடுவது? இணையத்தில் விற்பனைக்குப் போட்டிருக்கும் விலைகளை ஒதுக்கிவிடுங்கள். ஒருவர் ஐந்து லட்சம் என்று எழுதிப்போடலாம், வாங்க ஆள் வந்தாரா என்பது யாருக்கும் தெரியாது. நாணய ஏல நிறுவனங்கள் முடிந்த ஏலங்களின் விலையைப் படத்தோடு வெளியிடுகின்றன. அதே ஆண்டு, அதே நாணயச்சாலை, ஏறக்குறைய அதே நிலை என்று நான்கைந்து முடிவுகளைத் திரட்டினால் உண்மையான விலை எந்த எல்லைக்குள் இருக்கிறது என்று பிடிபடும். வணிகர் உங்களிடம் வாங்கும் விலை அதற்குக் கீழேதான் இருக்கும்; அவர் முதலீடு போட்டு, வாங்குபவர் வரும் வரை காத்திருக்க வேண்டும் அல்லவா. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவை நேரில் போய்ப் பாருங்கள். அசலைப் பலமுறை பார்த்த கண்ணுக்குப் போலி தானாகவே உறுத்த ஆரம்பிக்கும்.

விற்பதற்கும் வாங்குவதற்கும் முன்

பழைய நாணயத்தை வாங்கிக்கொள்கிறோம், அதற்கு முன் கமிஷன் அல்லது வரி கட்டுங்கள் என்று ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் போட்டு வரும் செய்திகள் அத்தனையும் மோசடி. ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. தாங்கள் இந்த வியாபாரத்தில் இல்லை, யாரையும் இதற்கு நியமிக்கவும் இல்லை என்று தெளிவாகச் சொன்னது. பொருளை வாங்க வருகிறவர் உங்களிடம் பணம் கேட்டால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த நாணயம் தொல்பொருள். தனிநபர்கள் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது; தொழிலாக விற்பவர்களுக்கு உரிமம் வேண்டும். 1922 வரையான ரூபாய்கள் எல்லாம் இப்போது இந்த எல்லைக்குள் வந்துவிட்டன. வீட்டில் பரம்பரையாக வந்த காசு வேறு, மண்ணைத் தோண்டும்போது கிடைத்தது வேறு. பின்னதற்கு 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் பொருந்தும். பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்து விற்பது குற்றம். அதோடு, எந்த இடத்தில், எந்தப் பானையில், எவற்றோடு கிடைத்தது என்ற தகவலும் அழிந்துபோகும். அந்தத் தகவலை வைத்துத்தான் ஆய்வாளர்கள் காலத்தைக் கணிக்கிறார்கள், அது போனால் திரும்பக் கிடைக்காது.

விற்பதாக முடிவு செய்தால், இரண்டு பக்கத்தையும் விளிம்பையும் படம் எடுத்து, எடையையும் தண்ணீர்ச் சோதனை எண்ணையும் குறித்துவைத்துக்கொண்டு, குறைந்தது இரண்டு வணிகர்களிடம் தனித்தனியாகக் காட்டுங்கள். வாங்கும்போது, ஆண்டு, நாணயச்சாலை, நிலை மூன்றையும் எழுதி, போலி என்று தெரிந்தால் திரும்ப எடுத்துக்கொள்வேன் என்று ரசீது தருபவரிடம் மட்டும் வாங்குங்கள். நாணயத்தை மென்மையான காகித உறையிலோ பி.வி.சி. கலக்காத பிளாஸ்டிக் உறையிலோ வையுங்கள். பி.வி.சி. உறை நாளடைவில் பச்சைப் பிசுக்கை விட்டு வெள்ளியை அரித்துவிடும். எப்போதும் விளிம்பைப் பிடித்தே தூக்குங்கள். விரல்ரேகை ஒருமுறை பதிந்தால் அந்த இடம் தனியாகக் கறுக்கும்.